முதல் பிரசவம் சிசேரியன், அடுத்தது எப்படி?

முதல் பிரசவம் சிசேரியனாக முடிந்த பெண் மறுபடி கர்ப்பமாகிவிட்டால், கேட்காமலேயே இரண்டு தீர்ப்புகள் வந்து சேரும். "ஒருமுறை கத்தி வைத்துவிட்டால் இனி எப்போதும் கத்திதான்" என்பது ஒன்று. "தைரியமாக இருந்தால் தானாகப் பிறக்கும், டாக்டர்கள்தான் பயமுறுத்துகிறார்கள்" என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். அவர்களில் யாரும் அந்தப் பெண்ணின் பழைய கோப்பைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதல் தீர்ப்புக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1916-இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் எழுதியது அது. அந்தக் காலத்தில் கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெட்டுவாக்கில் வெட்டித்தான் குழந்தையை எடுப்பார்கள். பிரசவ வலியில் சுருங்கி இழுப்பது அந்தத் தடித்த மேல்தசைதான். தழும்பு அங்கே இருந்தால் அடுத்த பிரசவத்தில் பிரிந்துகொள்ளும் ஆபத்து நிஜமாகவே அதிகம். கிராகின் மனத்தில் இருந்ததும் வேறு. முதல் சிசேரியனை அவசரப்பட்டுச் செய்துவிடாதீர்கள், அது அடுத்தடுத்த பிரசவங்களையும் கட்டிப்போட்டுவிடும் என்று சக மருத்துவர்களை எச்சரிக்கத்தான் அப்படி எழுதினார். எச்சரிக்கை காலப்போக்கில் சட்டமாகிவிட்டது. 1920-களில் கிளாஸ்கோவைச் சேர்ந்த மன்ரோ கெர், கர்ப்பப்பையின் மெல்லிய கீழ்ப்பகுதியில் குறுக்குவாட்டில் வெட்டும் முறையைப் பரப்பினார். இன்று நடக்கும் சிசேரியன்களில் மிகப் பெரும்பாலானவை அந்த வகைதான். அந்தத் தழும்பு, அடுத்த பிரசவத்தின் வலியைப் பெரும்பாலும் தாங்கிவிடும். 2010-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழுவும், கீழ்ப்பகுதியில் ஒரு குறுக்கு வெட்டு உள்ள பல பெண்களுக்குச் சுகப்பிரசவத்தை முயன்று பார்ப்பது நியாயமான வழி என்றே சொன்னது.

ஆக, இரண்டு வழியும் திறந்திருக்கின்றன: தேதி குறித்து மறுபடி சிசேரியன், அல்லது வலி வரும்வரை காத்திருந்து சுகப்பிரசவ முயற்சி. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சு வீடுகளில் "வலியைத் தாங்குவாளா?" என்றுதான் தொடங்கும். அது தவறான தொடக்கம் என்பது என் கட்சி. முதலில் கேட்க வேண்டியது, இந்தக் குழந்தைக்குப் பிறகு இன்னொரு குழந்தை வேண்டுமா என்பது. அந்தக் கேள்விக்குப் போவதற்குமுன் மூன்று படி ஏற வேண்டியிருக்கிறது.

கோப்பில் இருப்பது

வயிற்றின் மேல்தோலில் தெரியும் தழும்பை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தோலில் குறுக்காக வெட்டி, உள்ளே கர்ப்பப்பையில் நெட்டாக வெட்டியிருக்கலாம். குறிப்பாக, குழந்தை மிகவும் குறைமாதமாக இருந்தாலோ, குறுக்காகக் கிடந்தாலோ அப்படி நடப்பதுண்டு. உள்ளே என்ன நடந்தது என்பது டிஸ்சார்ஜ் சம்மரியிலும், அதைவிடத் தெளிவாக ஆபரேஷன் குறிப்பிலும் இருக்கும். "எல்.எஸ்.சி.எஸ்." என்று எழுதியிருந்தால் கீழ்ப்பகுதியில் செய்தது என்று பொருள். வெட்டு பக்கவாட்டில் கிழிந்து நீண்டதா, தலைகீழ் 'டி' வடிவில் மேலே நீட்ட வேண்டியிருந்ததா என்பதெல்லாம் ஆபரேஷன் குறிப்பில்தான் கிடைக்கும். அந்தக் காகிதம் கையில் இல்லையென்றால் பழைய மருத்துவமனையில் நகல் கேட்டு வாங்குவதுதான் இந்தக் கர்ப்பத்தின் முதல் வேலை. அதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது.

தோழி ஒருத்தி தன் கோப்பை என்னிடம் கொடுத்தபோது, அவளே அதுவரை படிக்காத ஒரு வரி அதில் இருந்தது. முதல் குழந்தை தலை மேலாக, இடுப்பு கீழாக உட்கார்ந்திருந்ததால்தான் ஆபரேஷன். வலியே வரவில்லை, கர்ப்பப்பை வாய் திறக்கவே இல்லை. "எனக்கு இடுப்பெலும்பு குறுகல், அதனால்தான் வெட்டினார்கள்" என்று இரண்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரோ வார்டில் சொன்ன காரணம் அப்படியே மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வேறுபாடு மிகப் பெரியது. குழந்தையின் கிடை சரியில்லாததால் நடந்த சிசேரியன் அடுத்த முறை திரும்ப வர வேண்டிய அவசியம் இல்லை. வாய் முழுதாகத் திறந்து, மணிக்கணக்கில் முக்கியும் குழந்தை இறங்காமல் நடந்த சிசேரியன் என்றால் அடுத்த முயற்சி வெற்றி பெறும் வாய்ப்பு குறைவு.

சிலருக்கு இந்தக் கட்டத்திலேயே பேச்சு முடிந்துவிடும். கர்ப்பப்பையில் நெட்டு வெட்டு இருந்தாலும், முன்பு ஒருமுறை தழும்பு பிரிந்திருந்தாலும், நஞ்சுக்கொடி இந்த முறை கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் சிசேரியன்தான். அங்கே ஒப்பிட எதுவுமில்லை. இரண்டு சிசேரியன் ஆனவர்களுக்குக் கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. ஆனால் அதை ஏற்று நடத்தும் மருத்துவர்கள் குறைவு.

தழும்பு பிரிவது பற்றி

சுகப்பிரசவ முயற்சியின் பெரிய பயம் இதுதான். பிரசவ வலியின் நடுவில் பழைய தழும்பு பிரிந்து, கர்ப்பப்பை கிழிந்துவிடுவது. அப்படி ஆனால் குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும், தாய்க்கு உள்ளே ரத்தம் கொட்டும். நிமிடங்களில் வயிற்றைத் திறக்க வேண்டும். இது எவ்வளவு அரிது என்பதைச் சொல்லும் பெரிய ஆய்வு ஒன்று அமெரிக்காவில் 19 மருத்துவமனைகளில் நடந்து 2004-இல் வெளியானது. முயற்சி செய்த 17,898 பெண்களில் 124 பேருக்குத் தழும்பு பிரிந்தது, 0.7 சதவீதம். அதாவது ஆயிரத்தில் ஏழு பேர். ஆக்சிஜன் குறைவால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் 12. தேதி குறித்துச் சிசேரியன் செய்துகொண்ட 15,801 பேரில் அத்தகைய பாதிப்பு ஒரு குழந்தைக்குக்கூட இல்லை.

இந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதில்தான் மனிதர்கள் பிரிகிறார்கள். ஆயிரத்தில் 993 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று படிப்பவர் ஒருவர். அந்த ஏழில் நான் இருந்தால் என்று படிப்பவர் இன்னொருவர். இரண்டாமவரைக் கோழை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒரு அளவுகோல் உதவும்: பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி தரும் கணக்குப்படி, சிசேரியனுக்குப் பிறகான சுகப்பிரசவ முயற்சியில் பிரசவத்தின்போது குழந்தை இறக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் 4. அது தலைப்பிரசவத்தில் எந்தக் குழந்தைக்கும் இருக்கும் அதே அளவு ஆபத்து. முதல் குழந்தைக்கு யோசிக்காமல் ஏற்றுக்கொண்ட அபாயத்தைத்தான் இங்கே நின்று யோசிக்கிறோம். திட்டமிட்ட சிசேரியனில் இந்த எண் இன்னும் சிறியது, அதையும் மறைக்கக் கூடாது.

சிசேரியனின் பக்கத்தில் குழந்தைக்கு ஒரு சிறு குறை உண்டு. பிறந்ததும் மூச்சுத் திணறல். வலியே வராமல் எடுக்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு நான்கைந்து பேருக்கு அது வரும்; சுகப்பிரசவத்தில் இரண்டு மூன்று பேருக்கு. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். இதற்காகத்தான் 39 வாரம் முடிவதற்குமுன் தேதி குறிக்கக் கூடாது என்கிறார்கள். வீட்டாரின் வசதிக்காக 37 வாரத்திலேயே எடுத்துவிடச் சொல்வது குழந்தையின் நுரையீரலைப் பணயம் வைப்பது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

தாயைப் பொறுத்தவரை எண்கள் வேறு பக்கம் சாய்கின்றன. அதே பிரிட்டன் கல்லூரியின் கணக்கில், தாய் இறக்கும் வாய்ப்பு திட்டமிட்ட சிசேரியனில் லட்சத்தில் 13, சுகப்பிரசவ முயற்சியில் லட்சத்தில் 4. இரண்டுமே மிக மிகச் சிறியவை என்பதால், முடிவெடுக்கும் ஒரு தனிப் பெண்ணுக்கு இந்த வேறுபாடு பெரிய ஆயுதமாகாது.

இரண்டு வழி, மூன்று முடிவு

ஒப்பிட உட்காருபவர்கள் காகிதத்தை இரண்டு பத்தியாகப் பிரிப்பார்கள். உண்மையில் மூன்று பத்தி வேண்டும். திட்டமிட்ட சிசேரியன், வெற்றி பெற்ற சுகப்பிரசவ முயற்சி, முயன்று முடியாமல் நடுவில் அவசரச் சிசேரியன். இந்த மூன்றில் மிகச் சிறந்தது இரண்டாவது, மிக மோசமானது மூன்றாவது. தொற்று, ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை, அக்கம்பக்க உறுப்புகளில் காயம் எல்லாமே மூன்றாவதில்தான் கூடுகின்றன. திட்டமிட்ட சிசேரியன் நடுவில் நிற்கிறது. ஆகவே "சுகப்பிரசவம் நல்லதா, சிசேரியன் நல்லதா?" என்று கேட்பதில் பயனில்லை. "எனக்கு முயற்சி கைகூடும் வாய்ப்பு எவ்வளவு?" என்பதுதான் கேள்வி.

அதற்கு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் எண் நான்கில் மூன்று. அது சராசரி, சராசரிப் பெண் என்று யாரும் இல்லை. சிசேரியனுக்கு முன்போ பின்போ ஒருமுறையாவது சுகப்பிரசவம் ஆனவருக்கு வாய்ப்பு 85 முதல் 90 சதவீதம் வரை போகும். இதைவிட வலுவான சாதகம் வேறில்லை. வலி தானாகவே வந்தால் சாதகம். முந்தைய சிசேரியனுக்குக் காரணம் குழந்தையின் கிடை என்றால் சாதகம். மறுபக்கத்தில், முன்பு சுகப்பிரசவம் ஆனதே இல்லை, உடல் பருமன் அதிகம், போன முறை பிரசவம் முன்னேறாமல் நின்றதால் ஆபரேஷன், இந்த முறையும் வலியை மருந்தால் வரவழைக்க வேண்டியிருக்கிறது என்று எல்லாம் சேர்ந்துகொண்டால் வாய்ப்பு 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்த மோசமான மூன்றாவது பத்திக்குப் போவார்கள். அப்படிப்பட்ட நிலையில் தேதி குறித்துக்கொள்வதைத் தோல்வி என்று நினைக்கத் தேவையில்லை. கணக்குப் பார்த்தால் அதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டு பிரசவத்துக்கு இடையிலான காலமும் கணக்கில் வரும். 18 மாதத்துக்குள் அடுத்த பிரசவம் என்றால் தழும்பு பிரியும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஒரு குழந்தை பிறந்து 24 மாதமாவது கழித்தே அடுத்த கர்ப்பம் என்பது உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் 2005-இல் சொன்ன பரிந்துரை. ஏற்கெனவே கர்ப்பமாகிவிட்டவரிடம் இதைச் சொல்லிக் குத்திக்காட்டிப் பயனில்லை. மருத்துவரிடம் இடைவெளியைச் சரியாகச் சொன்னால் போதும்.

அடுத்த குழந்தைக்கும் அடுத்த குழந்தை

முதலில் கேட்க வேண்டியது என்று நான் சொன்ன கேள்விக்கு வருகிறேன். இரண்டு குழந்தையோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பத்துக்கும், மூன்று நான்கு என்று ஆசைப்படும் குடும்பத்துக்கும் இந்தத் தேர்வு ஒன்றல்ல. காரணம் நஞ்சுக்கொடி.

ஒவ்வொரு சிசேரியனும் கர்ப்பப்பையின் உள்சுவரில் ஒரு தழும்பை விட்டுப் போகிறது. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி அந்தத் தழும்பின்மேல் வேர்விட்டால், வழக்கமாக அதைத் தடுத்து நிறுத்தும் உள்ளுறை அங்கே இல்லாததால் தசைக்குள்ளேயே ஊடுருவிவிடலாம். சில சமயம் சிறுநீர்ப்பை வரைக்கும். குழந்தை வெளியே வந்த பிறகு அது பிரியாது. பிரிக்கப் போனால் ரத்தம் வெள்ளமாக வரும். பெரும்பாலும் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியிருக்கும். மகப்பேற்றில் மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் நிலைகளில் இது ஒன்று.

2006-இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு, 30,132 சிசேரியன்களை எடுத்துக்கொண்டு இதை எண்ணிப் பார்த்தது. நஞ்சுக்கொடி இப்படி ஊடுருவியிருந்தது, முதல் சிசேரியனில் 0.24 சதவீதம் பேருக்கு. இரண்டாவதில் 0.31, மூன்றாவதில் 0.57. இதுவரை ஏற்றம் மெதுவானதுதான். நான்காவதில் 2.13-க்குத் தாவுகிறது. ஆறாவது அல்லது அதற்குமேல் என்றால் 6.74. நஞ்சுக்கொடி கீழே இறங்கி வாயை மூடியும் இருந்தால் படம் தலைகீழாக மாறுகிறது: இரண்டாவது சிசேரியனில் 11 சதவீதம், மூன்றாவதில் 40 சதவீதம், நான்காவதில் 61 சதவீதம். இந்தக் கடைசி வரிசையை ஒருமுறை பார்த்தவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள்.

இதோடு உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் ஒவ்வொரு ஆபரேஷனிலும் கூடிக்கொண்டே போகும். மூன்றாவது, நான்காவது முறை வயிற்றைத் திறக்கும் மருத்துவர், குழந்தையிடம் போய்ச் சேரவே நேரம் எடுத்துக்கொள்வார். சிறுநீர்ப்பையில் காயம்படும் வாய்ப்பும் ஏறும்.

இப்போது திருப்பிப் பாருங்கள். இந்த முறை சுகப்பிரசவம் கைகூடிவிட்டால், அடுத்த முறை அது கைகூடும் வாய்ப்பு 85 சதவீதத்துக்கு மேல். தழும்பு பிரியும் ஆபத்தும் அதன்பின் குறைகிறது. இரண்டாவது பிரசவத்தில் எடுக்கும் முடிவு, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் சேர்த்து எடுக்கும் முடிவாகிவிடுகிறது. பெரிய குடும்பம் வேண்டும் என்பவர்களுக்குத் தழும்பு அனுமதித்தால், வாய்ப்பு சுமாராக இருந்தாலும்கூட முயன்று பார்ப்பதே என் பார்வையில் சரி. இதோடு போதும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு இந்த வாதம் முழுவதும் கரைந்துபோகிறது. இரண்டாவது சிசேரியனில் ஆபத்து முதலாவதைவிடப் பெரிதாகக் கூடவில்லை. அவர்கள் மற்ற காரணங்களை வைத்தே முடிவு செய்யலாம்.

சிக்கல் என்னவென்றால், பலருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. கணவனும் மனைவியும் ஒரே பதிலை வைத்திருப்பதும் அரிது. அவர் மூன்று என்பார், இவள் இதுவே அதிகம் என்பாள், அல்லது நேர்மாறாக. அதைப் பேசாமல் ஆபரேஷன் தேதியைப் பேசுவது வண்டிக்குப் பின்னால் மாட்டைக் கட்டுகிற வேலை. திட்டமில்லாமல் வரும் கர்ப்பங்களும் உண்டு என்பதால், "தெரியவில்லை" என்ற பதிலை "இன்னொன்று வரலாம்" என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

"எப்படியும் குடும்பக் கட்டுப்பாடு செய்யப் போகிறோம், வயிற்றைத் திறந்தபோதே அதையும் முடித்துவிடலாம்" என்பதற்காக மட்டும் சிசேரியன் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதற்காக இவ்வளவு பெரிய ஆபரேஷன் தேவையில்லை. சுகப்பிரசவம் ஆன ஓரிரு நாளில் தொப்புளுக்குக் கீழே சிறு வெட்டில் அதைச் செய்துவிடலாம். கணவருக்குச் செய்வது இதைவிடவும் எளிது, பாதுகாப்பானது. ஏனோ அந்த வழி மட்டும் பேச்சில் கடைசியாகத்தான் வரும். பல வீடுகளில் வருவதே இல்லை.

வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது

மருத்துவப் பக்கங்கள் கவனிக்காமல் விடுவது இதை. தலைப்பிரசவத்துக்குப் போன பெண் திரும்பி வந்தபோது வீட்டில் அவளைத் தேடி யாரும் அழவில்லை. இந்த முறை இரண்டு வயதோ மூன்று வயதோ ஆன ஒருவர் கதவருகே காத்திருக்கிறார். அவர் எடை 12 கிலோ, 14 கிலோ. பிறந்த குழந்தையைவிடக் கனமான எதையும் ஆறு வாரம் தூக்காதீர்கள் என்று சிசேரியன் ஆனவரிடம் மருத்துவமனை சொல்லி அனுப்பும். அந்தக் கட்டளையின் முழுக் கனமும் ஆரம்ப நாட்களில் வீட்டுக்குள் தெரியும். மூத்தது கையை உயர்த்தி நிற்கும். படுக்கையிலிருந்து நேராக எழ முடியாது; ஒருக்களித்துத் திரும்பி, கால்களை முதலில் கீழே இறக்கி, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நிலையில் மூத்தது மடியில் பாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிசேரியன்தான் என்று முடிவானவர்கள் கர்ப்பத்தின் கடைசி இரண்டு மாதத்திலேயே சில பழக்கங்களை மாற்றிவிடலாம். அம்மா சோபாவில் உட்கார்ந்ததும் மூத்தது தானே ஏறிப் பக்கத்தில் வந்து உட்கார்வது. தொட்டிலிலிருந்து தூக்கி எடுப்பதற்குப் பதில் தாழ்வான படுக்கை. குளிக்க வைப்பதும் தூங்க வைப்பதும் அப்பா அல்லது பாட்டி கைக்கு மாறுவது. இவற்றைப் பாப்பா வந்த பிறகு மாற்றினால், "பாப்பாவால்தான் அம்மா என்னைத் தூக்குவதில்லை" என்று மூத்தது கணக்குப் போட்டுவிடும்.

சுகப்பிரசவம் ஆனவருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஒன்றிரண்டு நாளில் வீடு திரும்பிவிடலாம். நடமாட்டம் சீக்கிரம் வரும். அதற்காக வலியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கீழே தையல் இருக்கும். நூற்றில் ஐந்து பேருக்கு அந்தக் கிழிசல் மலவாய்த் தசை வரைக்கும் போய், ஆற நாளாகும்.

சிசேரியனின் பெரிய அனுகூலம் காலண்டர். எந்த நாள் என்று தெரியும். மூத்ததை யாரிடம் விடுவது, யார் விடுப்பு எடுப்பது, யார் எந்த இரவு மருத்துவமனையில் தங்குவது எல்லாம் முன்பே தீர்ந்துவிடும். உதவிக்கு ஆள் குறைவான வீட்டில் இது சின்ன விஷயமில்லை. வெளிநாட்டிலோ வெளியூரிலோ இரண்டே பேராக இருக்கும் தம்பதிக்கு இதுவே தீர்மானிக்கும் காரணமாகலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வலிக்குக் காத்திருப்பவர்களுக்கோ, இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் வரக்கூடிய ஒருவராவது தயாராக இருக்க வேண்டும். அதுவும் தழும்பு உள்ளவர் வலி வலுக்கும்வரை வீட்டில் இருக்க முடியாது. ஆரம்பத்திலேயே போய்ச் சேர வேண்டும். முதல் சிசேரியன் வலி வருமுன்பே நடந்திருந்தால், உடலுக்கு இது முதல் பிரசவம் மாதிரிதான். "இரண்டாவதுதானே, சீக்கிரம் முடிந்துவிடும்" என்று நம்பி மூத்ததை ஒரு பொழுதுக்கு மட்டும் பக்கத்து வீட்டில் விட்டுப் போக வேண்டாம்.

தாய்ப்பாலைப் பற்றி ஒரு வரி: சிசேரியனுக்குப் பிறகு பால் சுரக்க ஒரு நாள் தாமதமாகலாம், ஆனால் தியேட்டரிலேயே குழந்தையை மார்போடு சேர்த்து வைத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். இதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

மருத்துவமனையிடம் கேட்க வேண்டியது

மேலே சொன்ன எண்கள் எல்லாம் வசதியுள்ள மருத்துவமனைகளில் எடுத்தவை. தழும்பு பிரிந்தால் உடனே வயிற்றைத் திறக்க மருத்துவரும், மயக்க மருந்து கொடுப்பவரும், தியேட்டரும், ரத்தமும் அதே கட்டடத்தில் இல்லையென்றால் அந்த எண்களை நம்பி முயலக் கூடாது. வீட்டில் பிரசவம் பார்ப்பது தழும்பு உள்ளவருக்கு வழியே அல்ல. "சுகப்பிரசவத்துக்கு முயல்வீர்களா?" என்று கேட்டால் எல்லா மருத்துவமனையும் ஆமாம் என்றுதான் சொல்லும். இப்படிக் கேளுங்கள்: "நடு இரவில் அவசரம் என்றால் மயக்க மருத்துவர் உள்ளேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா?" பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்திலேயே பாதி தெரிந்துவிடும். போன ஆண்டில் இப்படி எத்தனை பேர் முயன்றார்கள், எத்தனை பேருக்குக் கைகூடியது என்றும் கேட்கலாம்.

பிரசவம் முழுக்கக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கருவியால் தொடர்ந்து பார்ப்பார்களா என்பதும் முக்கியம். தழும்பு பிரிவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் தாயின் வலியல்ல, குழந்தையின் துடிப்பு குறைவதுதான். அதனால் முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைத்தால் ஆபத்து தெரியாமல் போய்விடும் என்ற பழைய பயம் இன்று செல்லாது, வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்.

தேதி தாண்டினால்

காத்திருக்க முடிவெடுத்து, 40 வாரமும் தாண்டிவிட்டது, வலி வரவில்லை என்றால் என்ன செய்வது? எல்லாத் திட்டமும் தடுமாறுவது இங்கேதான். வலியை வரவழைக்கும் மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல. 2001-இல் வந்த ஓர் ஆய்வில், தானாக வலி வந்தவர்களில் ஆயிரத்துக்கு 5 பேருக்குத் தழும்பு பிரிந்திருந்தது. புராஸ்டாகிளாண்டின் வகை மருந்தால் வலி தூண்டப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு 24 பேருக்கு மேல். அந்த வகையைச் சேர்ந்த மிசோபிராஸ்டால், நிறைமாதத்தில் தழும்பு உள்ளவருக்குக் கொடுக்கவே கூடாதது. கர்ப்பப்பை வாயில் சிறு பலூன் வைத்து விரிக்கும் முறையில் ஆபத்து குறைவு. "மாத்திரை வைக்கப் போகிறோம்" என்று நர்ஸ் வந்து சொன்னால், எந்த மாத்திரை என்று கேட்டு, முன்பு சிசேரியன் ஆனதையும் நினைவுபடுத்துவது உடன் இருப்பவரின் வேலை.

எனக்குப் பிடித்தது நடுவழி ஒன்று. வலி தானாக வந்தால் முயல்வது. 41 வாரம் வரைக்கும் வரவில்லையென்றால் மருந்து வைத்து இழுத்தடிக்காமல் சிசேரியன். இரண்டையும் முன்பே எழுதி, மருத்துவரிடம் பேசி, கோப்பில் சேர்த்துவிடலாம். திட்டமிட்ட சிசேரியனைத் தேர்ந்தெடுத்தவர்களும் இதன் மறுபாதியை எழுத வேண்டும். 39 வாரத்துக்குத் தேதி வாங்கியவர்களில் பத்தில் ஒருவர் வரைக்கும் அதற்கு முன்பே வலி வந்துவிடுகிறது. பனிக்குடம் உடைந்து, வாய் ஏழு எட்டு சென்டிமீட்டர் திறந்த நிலையில் வந்து சேர்ந்தால் அப்போதும் தியேட்டருக்குத்தானா, அல்லது அப்படியே பிறக்க விடுவதா? அந்த நேரத்தில் ஸ்டிரெச்சரில் படுத்துக்கொண்டு யோசிக்க முடியாது. 36 வாரத்துப் பரிசோதனையில் கேட்டு, பதிலைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.